காய்ச்சல் வாங்கிய குளம்

அந்தப் பக்கத்தில் ஊருக்கென்று தனியாகப் பேர் கிடையாது. குளத்துக்கு என்ன பேரோ அதுதான் ஊருக்கும் பேர், ஆகவே கூழாவடிக்குளத்துக்குக் காய்ச்சல் என்று கந்தப்பிள்ளை வந்து சொன்னபோது ஊருக்குத்தான் காய்ச்சல் என்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், போரினால் பாதை பூட்டிக் கிடந்த அந்த வருஷத்து ஆடி மாதத்தில் காய்ச்சல் இல்லாத வீடு எது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தபடியால் அதில் புதினம் எதுவும் இல்லை என்று தங்கள் பாட்டுக்குப் போகவும் பார்த்தார்கள். கந்தப்பிள்ளை குளத்தின் மதகான துருசைத் திறந்து பூட்டி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், வீணாகப் பேசாதவர். அவர் சைக்கிளை விட்டு இறங்காமல் இன்னொரு தரம் சொன்னார்.

"ஊருக்கில்லை. குளத்துக்கு. தண்ணி நடுங்குது. காத்தில்லை, மாடு இறங்கேல்லை, சும்மா நிண்டு நடுங்குது."

போய்ப் பார்த்தவர்களுக்குக் குளம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நானூறு ஏக்கர் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை, போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற ஆளின் முதுகைப் போல, சின்னச் சின்னதாக, விடாமல் நடுங்கியது. ஒரு மணி நேரம் நடுங்கிவிட்டு நின்றது. பிறகு சூடாயிற்று. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் காலை எடுத்தார்கள். பிறகு கரையோரத்துக் கல்லெல்லாம் குப்பென்று வியர்த்தன, குளம் ஆறிப்போய் அசையாமல் கிடந்தது.

அதே நேரத்தில், குளக்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எட்டுக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில், தாதி ஜெசிந்தா மிஸ்ஸி ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் நாக்குக்கு அடியில் ஈரச் சீனியை வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பேர் நிறோஜினி. காலையில் தாய் தங்கேஸ்வரி சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோதே நினைவில்லை, மூன்று தரம் வலிப்பு வந்துவிட்டது, கண்ணைத் திறந்து பார்த்தால் கண் எங்கேயோ நின்றது. மூளைக்கு ஏறின மலேரியா என்று மிஸ்ஸிக்குத் தெரியும், குயினைன் மருந்தைச் சேலைனில் கலந்து நரம்பால் ஏற்ற வேண்டும் என்றும் தெரியும், ஆனால் குயினைன் இருந்த அலுமாரியில் இப்போது பஞ்சும் ஒரு போத்தல் சேலைனும் அரை இறாத்தல் சீனியும்தான் இருந்தன. டொக்டர் போய் ஏழு மாதம். மருந்துக்கு எழுதின கடிதத்துக்கு, பாதை திறந்தால் அனுப்புவோம் என்று பெரியாஸ்பத்திரியிலிருந்து பதில் வந்திருந்தது. போன மாதம் மேலூரான ஈச்சமோட்டையிலிருந்து வந்த ஒரு பையனை இதே கட்டிலில் இதே சீனியோடு வைத்துக்கொண்டிருந்தாள், விடியும்போது அவன் இல்லை. ஆகவே இப்போது அவள் செய்யக்கூடியதைச் செய்துகொண்டு, செய்ய முடியாததை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்: ஈரத்துணி மாற்றினாள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், சீனி கரையக் கரைய மறுபடி வைத்தாள்.

நாலு மணிக்கு நிறோஜினி எழும்பி உட்கார்ந்து, வாய்க்குள் என்ன இனிக்கிறது என்று கேட்டாள். பிறகு தனக்குப் பசிக்கிறது என்றாள்.

தங்கேஸ்வரி பிள்ளையின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு மிஸ்ஸியின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். கழுத்து குளிர்ந்திருந்தது.

கூழாவடிக்குளத்தில் குணாளன் என்று ஒருவர் இருந்தார், மலேரியாக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மருந்தடிக்கிற இலாகாவில் வேலை செய்து, இலாகா அந்தப் பக்கம் வருவதை நிறுத்தின பிறகும் நுணுக்குக்காட்டியை வைத்துக்கொண்டு, வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, ஊர்ச்சனத்தின் விரல் நுனி இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். நிறோஜினியின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"மிஸ்ஸி, இந்தப் பிள்ளை எழும்பியிருக்கக் கூடாது. காலமை இருந்த பூச்சியெல்லாம் அப்பிடியே கிடக்கு. ஒண்டும் குறையேல்லை."

"அப்ப காய்ச்சல் எங்கை போனது?"

வாசலில் நின்ற கந்தப்பிள்ளை, தான் அதைத்தானே பின்னேரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

குணாளனுக்கு ஒரு விஷயத்தை ஆராயாமல் விட வராது. மறுநாள் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் கோலைத் தூண்டிலில் கட்டிக் குளத்துக்குள் விட்டார், ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள், நாலு மணிக்கு, பழையபடி நடுக்கம் வந்தபோது விட்டார், இரசம் நூற்று நாலு வரைக்கும் ஏறி நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள், அதே மணிக்கு, அதே நடுக்கம், அதே சூடு, அதே வியர்வை. குளத்துத் தண்ணீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு நீலச் சாயம் போட்டுப் பார்த்தார், தண்ணீருக்குள் கல் வைத்த மோதிரங்களைப் போலச் சின்னச் சின்ன வளையங்கள் நீந்தின. கந்தப்பிள்ளை பார்த்தார், தங்கேஸ்வரி பார்த்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். வடிவாய் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னது.

பத்து நாளுக்குள் இன்னும் பத்துப் பிள்ளைகள் நினைவில்லாமல் வந்து, நாலு மணிக்கு எழும்பிப் பசிக்கிறது என்றார்கள். ஊர் பழகிக்கொண்டது. நாலு மணிக்குக் குளிக்கப் போகிற ஆண்கள் மூன்று மணிக்குப் போனார்கள். துவைக்கிற பெண்கள், வெந்நீருக்கு விறகு தேவையில்லை என்பதால், காய்ச்சல் நாளுக்கென்று அழுக்குத் துணியைச் சேர்த்து வைத்தார்கள், வைத்துவிட்டு, நோயாளியிடம் வேலை வாங்குகிறோமோ என்று கொஞ்சம் கூச்சப்பட்டு, துவைத்து முடிந்ததும் தண்ணீரைக் கையால் தடவிக்கொடுத்தார்கள். காய்ச்சல் நாளில் பிடித்த விராலும் உழுவை மீனும் வாயில் வைக்க முடியாமல் கைத்தன. பூசகர் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு ஈரத்துணி சாத்தினார். நடுக்கம் தொடங்கும்போது ஆர் சொல்லியும் இல்லாமல் ஆட்கள் சாக்கும் பாயும் கிழிந்த கம்பளியுமாக வந்து தண்ணீர் விளிம்பை மூடிவிட்டு, நடுக்கம் நிற்கும்வரை அதில் கை வைத்தபடி குந்தியிருந்தார்கள். அதனால் என்ன பயன் என்று குணாளன் கேட்டார். சும்மா விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்றாள் தங்கேஸ்வரி.

காய்ச்சல் இல்லாத அந்தப் பதினொரு பிள்ளைகளும் இரத்தம் முழுக்கப் பூச்சியை வைத்துக்கொண்டு கிட்டிப்புள் அடித்தார்கள், நாவல் மரத்தில் ஏறினார்கள். ஜெசிந்தா மிஸ்ஸி சீனித்தண்ணீர்ப் போத்தலோடு அவர்களுக்குப் பின்னால் ஓடினாள், ஏனென்றால் அவளுக்கு மட்டும் இது சுகம் என்று தோன்றவில்லை. யாரோ ஒருவர் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், கை அசதியானால் இறக்கிவிடுவார் என்றுதான் தோன்றியது.

பதின்மூன்றாம் நாளாகும்போது குளத்துத் தண்ணீர் கறுத்திருந்தது. பால் விடாத சாயத் தேத்தண்ணியைப் போலக் கறுத்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு முழம் இறங்கி, துருசுக்குப் பக்கத்திலிருந்த அளவுகல்லின் அடி தெரிகிற மட்டுக்கு வந்தது. அன்றைக்கு, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கையில், வேலியோரம் விளையாடிக்கொண்டிருந்த நிறோஜினி நின்ற நிலையிலேயே விழுந்தாள். கண் மேலே போயிற்று, பல்லைக் கடித்தாள். தங்கேஸ்வரி தூக்கிக்கொண்டு ஓடி வந்து கட்டிலில் போட்டாள், மிஸ்ஸி சீனியை எடுத்தாள், கால் மணி நேரம் பிள்ளையின் உடம்பு வில்லாய் வளைந்து துடித்தது. பிறகு குளத்தில் நடுக்கம் எழுந்தது, பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

"குளத்துக்கு ஏலாமல் வருது," என்றாள் மிஸ்ஸி.

ஊர் குளக்கட்டில் கூடியது. வயலில் சிறுபோக நெல் கதிர் தள்ளாத குடலையாய் நின்றது, இன்னும் மூன்று தண்ணீர் வேண்டும். குளத்துக்கே மருந்து கொடுத்தால் என்ன என்று முதலில் ஒருவர் கேட்டார், ஆரும் சிரிக்கவில்லை. மருந்து எடைக்குத்தான் கொடுக்கிறது, குளம் எத்தனை கிலோ என்று மிஸ்ஸி கேட்டாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏக்கரையும் ஆழத்தையும் பெருக்கி, மண்ணில் குச்சியால் எழுதி, கட்டின் பாதி நீளத்துக்குப் பூச்சியம் போட்டுக்கொண்டு போய், நின்று, காலால் அழித்தார்.

"மிஸ்ஸி, மருந்தில்லாட்டில் பெரியாஸ்பத்திரியிலை என்ன செய்வினம்?" என்று கேட்டார் கந்தப்பிள்ளை.

"மருந்து வாறவரைக்கும் ஆளை வைச்சிருக்கப் பாப்பினம். சீனி குடுப்பினம். தண்ணி அளவாக் குடுப்பினம். மூத்திரம் கறுத்து இரத்தம் குறைஞ்சால், சொந்தக்காரரிட்டை இரத்தம் எடுத்து ஏத்துவினம்."

கந்தப்பிள்ளை எழும்பிப் போய்த் தன் குளத்தின் துருசைப் பூட்டினார். அவருடைய ஆறு ஏக்கரும் உட்பட ஊரின் நெல் முழுவதும் அந்தப் பூட்டோடு முடிந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவர் மட்டும் பெருமூச்சு விட்டார். திரும்பி வந்து அவர் சொன்னார்: "இந்தக் குளத்துக்குச் சொந்தமெண்டு சொல்ல ஒரு குளம்தான் இருக்கு. ஈச்சமோட்டை."

ஈச்சமோட்டைக் குளம் மூன்று மைல் மேலே, காட்டுக்குள் இருந்தது. ஒரு காலத்தில் அதன் மிச்சத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியே கூழாவடிக்கு வரும். தண்ணீர்ப் பங்கில் இரண்டு ஊரும் மண்வெட்டி தூக்கிச் சண்டைபிடித்த பிறகு இருபது வருஷமாக அந்த வாய்க்காலில் பற்றைதான் வளர்ந்தது. அங்கே துருசுக்குப் பொறுப்பாக இருக்கிறவர் கார்த்திகேசு என்று தெரிந்ததும் ஜெசிந்தா மிஸ்ஸியின் கால் தயங்கிற்று. சீனியோடு இறந்துபோன பையனின் தகப்பன் அவர்தான்.

அவளும் கந்தப்பிள்ளையும் மறுநாள் காலையில் சைக்கிளில் போனார்கள். கார்த்திகேசு குளக்கட்டில் நின்று புல் செதுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மிஸ்ஸியைக் கண்டதும் நிமிர்ந்து சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார், மரியாதைக்கு. கந்தப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மிஸ்ஸியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அண்டைக்கு நான் பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு உங்கடை குளக்கட்டாலைதான் ஓடி வந்தனான். குளம் பக்கத்திலைதான் கிடந்தது. அவன்ரை கால் தண்ணியிலை முட்டினதுகூட எனக்கு ஞாபகம். என்ரை பிள்ளையின்ரை காய்ச்சலை ஏன் அது வாங்கேல்லை?"

வழி முழுக்க மிஸ்ஸி அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்து வந்தாள், அதற்குச் சொல்ல மூன்று நாலு ஆறுதலும் யோசித்து வைத்திருந்தாள்.

"தெரியேல்லை அண்ணை," என்றாள். "அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். எனக்குத் தெரியேல்லை."

கார்த்திகேசு தலையை ஆட்டினார். யாராவது தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் மண்வெட்டியை எடுத்திருப்பார் என்று கந்தப்பிள்ளை பிறகு சொன்னார்.

"எங்கடை தண்ணி அதுக்கு ஒத்துவருமோ?"

"பாக்கவேணும். இரத்தமெண்டாலும் பாத்துத்தான் ஏத்துறது."

அவரே இறங்கிப்போய்ச் செம்பில் கோலிக்கொண்டு வந்தார். மிஸ்ஸி ஒரு வெள்ளைத் தட்டில், போத்தலில் கொண்டுவந்த கூழாவடித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள், கறுப்பாய்க் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஈச்சமோட்டைத் தண்ணீரை ஊற்றினாள், பழுப்பாய்க் கிடந்தது. தட்டைச் சாய்த்தாள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டு, விலகி, கொஞ்சம் யோசித்தன போல நின்றன. ஒத்துவராத இரத்தம் என்றால் இந்த இடத்தில் திரிந்து கட்டி கட்டியாகும் என்றாள் மிஸ்ஸி. கட்டியாகவில்லை. கறுப்புக்குள் பழுப்பு நூலாய் இறங்கி, பரவி, எங்கே எது என்று தெரியாமல் ஆயிற்று.

"சேருதோ?" என்று கேட்டார் கார்த்திகேசு.

"சேருது."

அவர் துருசுப் பலகையில் கையை வைத்தார். ஒரேயடியாகத் திறக்க வேண்டாம், பலவீனமான உடம்புக்கு வேகமாய் ஏற்றினால் நெஞ்சு அடைத்துவிடும், சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னபோது, அப்படியென்றால் ஆள் கூடவே நின்று பிடிக்க வேண்டும், பலகை தானாக நிற்காது என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பலகையை நாலு விரல் தூக்கிப் பிடித்தார். கை மாற்ற ஆள் அனுப்புகிறேன் என்று கந்தப்பிள்ளை சொன்னார். பார்ப்பம் என்றார் கார்த்திகேசு.

தண்ணீர் வந்து சேருமுன் இரண்டு ஊரும் இறங்கி வாய்க்காலை வெட்டின. இருபது வருஷமாகப் பேசாதவர்கள் பற்றையின் இரண்டு பக்கமும் நின்று வெட்டிக்கொண்டு வந்து, நடுவில் சந்தித்து, பேச என்ன இருக்கிறதென்று தெரியாமல் கத்தியைத் தீட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் வந்தது, ஒரு சாண் அகலத்தில், அவசரமில்லாமல். அதன் கூடவே ஆட்கள் நடந்தார்கள். கூழாவடிக்குளத்தின் வாயில் அது விழுந்தபோது குளம் ஒருதரம் விக்கிற்று. அவ்வளவுதான். பிறகு குடித்தது. வீட்டுக்கு ஒரு சுண்டு சீனி என்று சேர்த்துக் கரைத்து ஊற்றினார்கள், பாதை பூட்டின காலத்தில் சீனி என்பது பொன்னுக்குச் சமம், இருந்தும், சீனி இல்லாத வீடு கருப்பட்டி கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் குணாளன் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை அள்ளி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்: கறுப்பு, கறுப்பு, கடுஞ்சாயம், சாயம். அளவுகல்லில் தண்ணீர் இறங்கவில்லை. பிள்ளைகள் விழவில்லை.

தண்ணீர் வரத் தொடங்கின ஒன்பதாம் நாள் மத்தியானம் பாதை திறந்து லொறி வந்தது. சோப்புப் பெட்டிக்கும் மாமூட்டைக்கும் நடுவில் ஒரேயொரு மரப்பெட்டி. ஜெசிந்தா மிஸ்ஸி அதைத் திறந்து, குயினைன் குப்பிகளையும் சேலைன் போத்தல்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினாள். எட்டுக் கட்டிலில் பதினொரு பிள்ளைகள், மூன்று கட்டிலில் இரண்டிரண்டு. கூரை மரத்தில் கயிறு கட்டிச் சேலைன் போத்தல்களைத் தொங்கவிட்டார்கள். தங்களுக்கு ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் கத்தினார்கள், மரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்து ஊசி குத்தினால் யார்தான் சும்மா இருப்பார்கள். நிறோஜினி தாயின் கையைக் கடித்தாள்.

குயினைன் ஏறினால் காது இரையும், அது மருந்தின் குணம், பயப்பட வேண்டாம் என்று மிஸ்ஸி தாய்மாருக்குச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் ஒருவருக்கும் இரையவில்லை. பின்னேரமாகும்போது குளம் இரைந்தது. ஆயிரம் வண்டு ஒரு குடத்துக்குள் இருந்து பாடுவதைப் போல, தண்ணீரின் அடியிலிருந்து ஒரு ஓசை எழுந்து, கட்டைத் தாண்டி, வயலைத் தாண்டி, வாய்க்கால் வழியே காட்டுக்குள் போயிற்று. எல்லாரும் வந்து கரையில் நின்று கேட்டார்கள். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. நடுக்கம் வரவில்லை. குணாளன் தூண்டிலைத் தூக்கிக் காய்ச்சல் கோலைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "சுகமாயிருக்கிறார்," என்றார். அதுவரை குளத்தை ஒருவரும் அவர் என்று சொன்னதில்லை.

ஏழு நாள் கசப்புக் குளிசையும் முடிந்த பிறகு நிறோஜினியின் இரத்தத்தில் ஒரு வளையம்கூட இல்லை. தங்கேஸ்வரி தானும் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தாள், ஒன்றுமே தெரியவில்லை என்றாள், ஒன்றுமே தெரியாததைப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் தேவைப்பட்டது. அந்தப் போகம் கூழாவடியில் அறுவடை இல்லை. ஈச்சமோட்டை தன் நெல்லில் பாதியை வண்டியில் அனுப்பியது.

அந்த வண்டியோடு கார்த்திகேசு வந்தார். மூட்டைகளை இறக்கும்வரை மற்றவர்களோடு நின்றார், பிறகு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கில் உட்கார்ந்தார். மிஸ்ஸி வெளியே வந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள் அவர் கையைப் பார்த்தாள். கை நடுங்கியது.

"மிஸ்ஸி, எனக்கும் ஒருக்கா இரத்தம் பாக்க ஏலுமோ? கொஞ்ச நாளாக் குளிருது."

"எத்தினை நாளா?"

"நீங்கள் வந்தீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாலையிருந்து."

அவள் அவருடைய நெற்றியில் கையை வைத்தாள், எடுக்க முடியாமல் அப்படியே வைத்திருந்தாள். ஒன்பது நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர், கை மாற்றப் போன ஆட்களை இரவுக்கு மட்டும் இறங்க விட்டுவிட்டுப் பகலெல்லாம் தானே பலகையைப் பிடித்தவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"பலகை நடுங்கினால் தண்ணி கூடக்குறையப் போகும். அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதிலை எனக்குக் குளிர் பெரிசாத் தெரியேல்லை." பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "எங்கடை குளம் ஏதும் வாங்குமோ எண்டும் பாத்தனான். அது வாங்கேல்லை," என்றார்.

குணாளன் வந்து அவர் விரலைத் துடைத்துக் குத்தினார். கண்ணாடித் தட்டில் சிவப்பாய் ஒரு பொட்டு விழுந்தது. தட்டின் ஓரத்தில் எழுத, "பேர்?" என்று கேட்டார்.

"பிரதீபன்."

குணாளன் பென்சிலைக் கொண்டுபோனார். மிஸ்ஸி நிமிர்ந்தாள். சீனியோடு இறந்த அந்தப் பையனின் பேரை அவள்தான் கொப்பியில் எழுதினவள். கார்த்திகேசு வாசலுக்கு வெளியே, மூட்டைக்கு மேலே ஏறிக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்தார், தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மிஸ்ஸி குணாளனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எழுதுங்கோ என்று. அவர் எழுதினார். சாயம் போட்டு, காயவைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "குளிசையாலை மாறும்."

மிஸ்ஸி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். மருந்து இருந்தது. இரண்டு குளிசையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து, அவர் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.